முரண்பாட்டைப் பதிவு செய்வது எப்படி? முதன்முறை குறுக்கு விசாரணை செய்யும் ஜூனியர்களுக்கு

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கு. "கேஸ் கட்டை எடுத்துக்கிட்டுப் போ, அ.சா.1-ஐ (அரசு தரப்பு முதல் சாட்சியை) நீயே கிராஸ் பண்ணு" என்று சீனியர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வக்காலத்து, நகல் வாங்குவதெல்லாம் தெரிந்த சங்கதி. நேராக வேலைக்கு வருவோம்: சாட்சி கோர்ட்டில் சொல்வதற்கும் முன்பு போலீசில் சொன்னதற்கும் உள்ள முரண்பாட்டைப் பதிவில் கொண்டுவருவது.

1. வரைபடத்தில் தொடங்குங்கள்

முதல் தகவல் அறிக்கையை முதலில் படித்தால் போலீஸ் சொல்லும் கதை மனதில் உட்கார்ந்துவிடும். பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய குறிப்பு) அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் முதலில் எடுங்கள். எம்.சி. ரோட்டில் ராத்திரி 10 மணிக்குச் சண்டை, கடைகள் மூடியாயிற்று, வரைபடத்தில் விளக்குக் கம்பமே இல்லை என்றால் நல்ல பாயிண்ட் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கண்ணால் கண்ட சாட்சியிடம் கேட்காதீர்கள். "லைட்டு நல்லா எரிஞ்சுது சார்" என்று சொல்லி ஓட்டையை அவரே அடைத்துவிடுவார். புலன் விசாரணை அதிகாரி கூண்டுக்கு வரும்வரை வைத்திருங்கள்.

2. ஒரே தாள்

ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் விசாரணை (அரசு வழக்கறிஞர் கேட்க, சாட்சி கோர்ட்டில் சொல்வது), போலீஸ் வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை. முதல் பத்தியைக் காலியாக விட்டு, சாட்சி சொல்லச் சொல்ல பென்சிலால் நிரப்புங்கள். லேப்டாப் வேண்டாம். நீங்கள் பக்கத்தைத் தேடும் நேரத்தில் சாட்சி பதிலைத் தயார் செய்துவிடுவார்.

முதல் தகவல் அறிக்கையை வைத்து, புகார் கொடுத்தவரை மட்டுமே முரண்படுத்தலாம். மற்ற சாட்சிகளிடம் அதைக் காட்டினால் அரசு வழக்கறிஞர் உடனே எழுந்துவிடுவார்.

3. ஒரு கேள்விக்கு ஒரு சங்கதி

குறுக்கு விசாரணையில் வழிநடத்தும் கேள்வி, அதாவது பதிலை உள்ளேயே வைத்திருக்கும் கேள்வி கேட்கலாம். பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 146 அதற்கு இடம் தருகிறது. நம் கோர்ட்டுகளில் கேள்வியும் பதிலும் பெரும்பாலும் ஒரே வாக்கியமாகத்தான் டைப் ஆகும்: "...என்று சொன்னால் சரிதான்", "...என்று சொன்னால் சரியல்ல". "நீங்க குடிச்சிருந்தீங்க, தூரத்துல நின்னீங்க, சரியா பாக்கல" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஒரே ஒரு "சரியல்ல" விழும். மறுத்தது எதை என்று தீர்ப்பு எழுதுபவருக்கும் தெரியாது. "ஏன்", "எப்படி" என்று கேட்கவே கேட்காதீர்கள்.

4. முரண்பாடு: பலரும் கோட்டை விடும் இடம்

சாட்சி கோர்ட்டில், "முதல் எதிரி இரும்பு ராடால் அடித்தார்" என்கிறார் (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்). போலீஸ் வாக்குமூலத்தில், "யாரோ ஒருவர் கையால் அடித்தார்" என்று இருக்கிறது. அதை உரக்கப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் சட்டப்படி ஒன்றுமே நடக்கவில்லை.

சாக்ஷ்ய அதினியம் பிரிவு 148 (பழைய சாட்சியச் சட்டத்தில் 145) கேட்பது இதுதான். அந்த வரியை மட்டும் சாட்சியிடம் படித்துக்காட்டி, "இப்படிப் போலீசில் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் முரண்பாடு அங்கேயே நிரூபணமாகிவிட்டது. "சொல்லவில்லை" என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் அடையாளம் போட்டுப் பதிவில் கொண்டுவர வேண்டும். முழு வாக்குமூலத்தையும் உள்ளே விடக்கூடாது. பிறகு அதை எழுதிய அதிகாரி வரும்போது, "அ.சா.1 உங்கள் விசாரணையில் இவ்வாறு சொன்னாரா?" என்று கேட்டு "ஆம்" வாங்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் வாதத்தின்போது கையில் எதுவும் இருக்காது. 1959-இல் தஹ்சில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துப் பேசிய விஷயம் இது.

விடுபாடு வேறு ரகம். ராடைப் பற்றிப் போலீசில் பேச்சே இல்லை என்றால் படித்துக்காட்ட வரி கிடையாது. "ராடால் அடித்ததாகப் போலீசில் நீங்கள் சொல்லவில்லை" என்று சாட்சியிடம் போடுங்கள். "சொன்னேன்" என்றால் அதிகாரியிடம், "அ.சா.1 என்னிடம் அவ்வாறு சொல்லவில்லை" என்ற பதிலைப் பதிவாக்குங்கள். சட்டையின் நிறம் போன்ற சில்லறை விடுபாடுகளைத் துரத்த வேண்டாம். முக்கியமான விடுபாடுதான் முரண்பாடாக எடுபடும்.

5. சஜஷன்

கடைசியில் உங்கள் தரப்பு வழக்கைச் சாட்சியிடம் போட்டாக வேண்டும்; "நடந்தது இதுதான்" என்று நீங்களே சொல்லி, சரியா என்று கேட்பதுதான் சஜஷன். போடாமல் விட்டால் அவர் சொன்னதை நீங்கள் மறுக்கவில்லை என்று வாதம் வரும். அதற்காக வாயில் வந்ததைப் போடாதீர்கள். "எதிரி அங்கே இல்லவே இல்லை" என்று ஒரு சஜஷன், "தற்காப்புக்காகத்தான் அடித்தார்" என்று இன்னொன்று போட்டால் இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடும். வக்கீல் போடும் சஜஷன் எதிரியையே கட்டுப்படுத்தலாம் என்று 2023-இல் பாலு சுதாம் கல்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பின்சேர்க்கை: பழைய சட்டமா, புதிய சட்டமா, எந்தப் பிரிவு எண்ணைச் சொல்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 1.7.2024-க்கு முன்பே விசாரணை நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சாட்சியச் சட்டமே பொருந்தும். சாக்ஷ்ய அதினியம் பிரிவு 170-ஐப் பாருங்கள்.

இன்னொன்று: நீங்கள் வருவதற்குள் "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாகிவிட்டால், சாட்சியைத் திரும்ப அழைக்க பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 348-இல் (பழைய சட்டத்தில் 311) மனு போட வேண்டும். என்னென்ன சங்கதி கேட்கப்போகிறீர்கள் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். "முக்கியக் கேள்விகள் விடுபட்டுவிட்டன" என்ற ஒற்றை வரி மனு பெரும்பாலும் தள்ளுபடிதான்.