ராத்திரில பெரிய பிரவுன் ட்ரவுட் பிடிக்க

பெரிய பிரவுன் ட்ரவுட் மீன் பகல்ல மரவேர் அடியிலயும் பாறை இடுக்குலயும் பதுங்கிக் கெடக்கும், நல்லா இருட்டினதும் சின்ன மீன், எலின்னு தேடிக்கிட்டு ஆழம் கம்மியான எடத்துக்கு வரும், அதனால எடுத்ததுமே ஆத்துக்குள்ள இறங்கிடாதீங்க, மீன் உங்க காலடியிலயே நிக்கலாம். எங்க கால் வைக்கலாம், எங்க கிளை தொங்குதுன்னு பகல்லயே பாத்து வச்சுக்கோங்க. ஃப்ளை (கொக்கியில இறகு, முடி கட்டிச் செஞ்ச போலி இரை) பெருசா கருப்பா இருக்கட்டும், கீழேருந்து பாக்குற மீனுக்கு வானத்துக்கு எதிர்ல கருப்பு தான் நல்லா தெரியும். எலி மாதிரி ஃப்ளைன்னா தண்ணி மேல குறுக்கால மெதுவா ஒரே சீரா வரணும்.

இப்ப முக்கியமான விஷயம். இருட்டுல 'களக்'னு சத்தம் கேட்டதும் கை தானா தூண்டில் ராடைத் தூக்கப் பாக்கும், தயவுசெஞ்சு தூக்காதீங்க, பாதி நேரம் மீன் சும்மா அடிச்சுப் பாத்திருக்கும், வாயில கவ்வியிருக்காது, அதனால லைன்ல கனம் தெரியுற வரைக்கும் அதே வேகத்துல இழுத்துட்டே இருங்க.

டிப்பெட் (ஃப்ளை கட்டுற லைனோட மெல்லிசான நுனி) 10, 12 பவுண்டு தாங்குற மாதிரி போடுங்க, அப்பதான் மீனை சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து திரும்பத் தண்ணியில விட முடியும். கண்ணாடி கட்டாயம், கொக்கி எங்கேருந்து பறந்து வரும்னே தெரியாது. முடிச்சு போடணும்னா கரைப் பக்கம் திரும்பிட்டு லைட் போடுங்க. தண்ணி 20 டிகிரி செல்சியஸ் தாண்டிருச்சுன்னா அன்னிக்கு மீன் பிடிக்கிறதை விட்டுடுங்க, பாவம், அந்தச் சூட்டுல மீன் தாங்காது.