எழுதியதைத் திருத்த உதவும் இலக்கணச் சொற்கள்

கட்டுரையை எழுதி முடித்தபின் எங்கோ இடறுகிறது என்று உணர்ந்தும், இடறும் இடத்தைச் சுட்ட முடியாமல் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். குற்றத்தின் பெயர் தெரிந்தவருக்கு அதைத் தேடிப் பிடிப்பது எளிது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் என்னும் இலக்கண நூலின் பாயிரம், அதாவது முன்னுரை, நூலுக்கு ஆகாதவை எனப் பத்துக் குற்றங்களைப் பெயரிட்டுத் தருகிறது. இன்றைய உரைநடையைத் திருத்துவதற்கு அவற்றைவிடக் கூர்மையான கருவி தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பத்தையும் ஒரே வாசிப்பில் தேடாமல், முதலில் பொருள், பிறகு தொடர், கடைசியில் சொல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் பார்க்கும்போது ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஓரத்தில் ஒரே வரியில் குறியுங்கள். ஏரியைத் தூர்வாருவது பற்றிய கட்டுரையில் மன்னர் காலப் பெருமை இரண்டு பத்திக்கு நீண்டால் அது மற்றொன்று விரித்தல். எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் நீக்கத்தான் வேண்டும். தொடக்கத்தில் வலுவாக எழுந்து, போகப் போகப் பொதுச்சொற்களாக மெலிந்தால் அது சென்று தேய்ந்து இறுதல். சான்றுகள் அனைத்தையும் முதல் பத்தியிலேயே கொட்டிவிடுவது இதற்கு ஒரு காரணமாதலால், அவற்றில் சிலவற்றைப் பின்னே நகர்த்திப் பாருங்கள். குன்றக் கூறலை, அதாவது தேவையானதைச் சொல்லாமல் விடுவதை, எழுதியவர் தாமே காண்பது அரிது. அதற்கு வேறொருவரைப் படிக்கச் சொல்வதே வழி.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது தொடருக்கு. பொருள் இன்னதென்று தெளியாதபடி எழுதுவது மயங்க வைத்தல். நீண்ட தொடர் ஒவ்வொன்றிலும் எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிட்டு, அவ்விரண்டை மட்டும் சேர்த்துப் படியுங்கள். "குழுவின் அறிக்கை, மூன்று ஊர்களில் கிணறுகளைச் சோதித்து, நீரில் உப்பு கூடியிருப்பதாகத் தெரிவித்துள்ளனர்" என்னும் தொடரில் எழுவாய் "அறிக்கை", பயனிலை "தெரிவித்துள்ளனர்", இரண்டும் பொருந்தவில்லை. "சோதித்து" என்னும் வினையெச்சத்துக்கும் பயனிலைக்கும் வினை செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இங்கோ கிணற்றைச் சோதித்தது அறிக்கை அன்று. "குழுவினர் மூன்று ஊர்களில் கிணறுகளைச் சோதித்து, நீரில் உப்பு கூடியிருப்பதாக அறிக்கையில் தெரிவித்துள்ளனர்" என்று மாற்றினால் இரு பிழையும் ஒருங்கே நீங்கும். பெயரெச்சமும், அதாவது "வந்த" போலப் பெயரைத் தழுவி நிற்கும் சொல்லும், இப்படி மயக்கும். "நேற்று வந்த ஆசிரியரின் மகன்" என்றால் வந்தவர் ஆசிரியரா, மகனா? "ஆசிரியரின் மகன் நேற்று வந்தான்" என்று வினையைப் பிரித்து எழுதினால் ஐயமில்லை.

சொல்லுக்கு வரும்போது மிகைபடக் கூறலைத் தேடுங்கள். "விசாரணை மேற்கொண்டனர்" என்பதற்கு "விசாரித்தனர்" போதும். "ஒவ்வொரு மாணவர்களும்", "பறவைகள் பறந்தது" போன்றவை வழூஉச்சொற் புணர்த்தல், அதாவது பிழையான சொற்களைச் சேர்த்தல். "ஒவ்வொரு மாணவரும்", "பறவைகள் பறந்தன" என்பனவே சரி. ஒற்றெழுத்தையும் அலட்சியம் செய்யலாகாது: "வேலை கொடுத்தான்" என்றால் பணி, "வேலைக் கொடுத்தான்" என்றால் வேலாயுதம்.

அணிகளைச் சேர்க்க விரும்புவோர் இவையெல்லாம் முடிந்தபின் சேர்க்கட்டும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளுள் தன்மையணியையே முதலில் வைத்து, உவமையை அதன்பின் வைக்கிறது. உள்ளதை உள்ளபடி காட்டுவது தன்மை. எனவே உவமை தோன்றும் இடத்தில் முதலில் அந்தப் பொருளின் நிறம், அளவு, இயக்கம் ஆகியவற்றை நேராக எழுதிப் பாருங்கள். அதுவே போதுமானதாக இருந்தால் உவமையை விட்டுவிடுங்கள். போதவில்லையெனில், உவமானத்துக்கும் (ஒப்பாகக் காட்டும் பொருள்) உவமேயத்துக்கும் (ஒப்பிடப்படும் பொருள்) உள்ள பொதுத்தன்மை எது என்று உங்களால் ஒரு சொல்லில் சொல்ல முடிகிறதா என்று சோதித்த பின்பே அதைப் பயன்படுத்துங்கள்.