வேலையை விடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் பாருங்கள்

இயற்கை இயங்கும் விதத்தைப் பார்த்து மரம், பயிர், தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிடும் பர்மாகல்ச்சர் என்ற விவசாய முறை பற்றி எங்கோ கேட்டுவிட்டு, "இனி என் வாழ்க்கை இதுதான்" என்று தோன்றியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு என்ற ஊருக்குக் கீழே கணவர் வீட்டு ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும் சௌசௌவும் பார்க்கிறேன். அந்த ஆசையை நம்பலாம். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

1970-களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் இந்த முறையை வகுத்தார்கள். மண்ணைப் பேணுவது, மனிதரைப் பேணுவது, மிஞ்சியதைப் பகிர்வது என்ற மூன்றும் அதன் அடித்தளம். ஹோம்கிரென் பின்னால் எழுதிய பன்னிரண்டு கொள்கைகளில் முதலாவது, கவனித்துப் பழகுவது. அதனால் நிலம் கைக்கு வந்ததும் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள்.

கீழ்ப்பழனி மலையில் பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். மழை பெய்யும்போதே குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடங்கள். தண்ணீர் எந்த மூலையில் உள்ளே வருகிறது? எங்கே கலங்கலாக ஓடுகிறது? கலங்கல் ஓடும் இடத்தில் உங்கள் மேல்மண் போய்க்கொண்டிருக்கிறது. சருகு மூடிய இடத்தில் தண்ணீர் தெளிவாகவே இறங்கும். கோடையில் எந்த மூலை கடைசியாகக் காய்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். காட்டுமாடு எந்தத் தடத்தில் வருகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள். அந்தத் தடத்துக்குக் குறுக்கே வேலி போட்டால் வேலிதான் போகும். இதற்கெல்லாம் வேலையை விட வேண்டியதில்லை, சனி ஞாயிறுகளில் வந்தால் போதும்.

அப்புறம், ஏற்கெனவே இருக்கும் தோட்டத்தைப் படியுங்கள். இங்குள்ள பழைய காப்பித் தோட்டத்தில் மேலே பலாவும் சில்வர் ஓக்கும், நடுவில் முள்முருங்கையும் அதில் ஏறிய மிளகும், ஆரஞ்சும் மலைவாழையும், அடியில் காப்பியும் நிற்கும். பயிற்சி வகுப்புகளில் உணவுக்காடு என்று படம் போட்டுக் காட்டுவது ஏறக்குறைய இதைத்தான். நிழலைக் கழித்தால் காப்பி கூடுதலாகக் காய்க்குமே என்று நான் கேட்டபோது என் அத்தை, "வெயில் பட்டா தண்டுல பூச்சி ஏறிடும்மா" என்றார். அது சரிதான். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் விழும் அராபிகாச் செடிகளைத்தான் அதிகம் தாக்கும். இப்படி ஒவ்வொரு மரமும் ஏன் அங்கே நிற்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த பிறகு அரிவாளைத் தொடுங்கள்.

விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் அதன் பெரும்பகுதியை முன்பே அழித்துவிட்டது. அதனால் கண்ட இடத்தில் கன்று வாங்காதீர்கள். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். காப்பி என்றால் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பர்மாகல்ச்சர் வீடியோக்களில் சமமட்டமாக, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில், நீண்ட பள்ளம் வெட்டி மழைநீரைத் தேக்குவார்கள். அது மென்சரிவு நிலத்துக்கு ஏற்ற வேலை. நம் செங்குத்துச் சரிவில் அப்படித் தேக்கினால், ஊறிய மண் மொத்தமாகச் சரிந்து கீழ்த்தோட்டத்தில் போய் விழலாம். இங்கே வெட்டிவேர்தான் பாதுகாப்பு. காப்பி வரிசைகளுக்கு இடையில் ஓர் அடி ஆழத்தில் சிறு குழிகளை ஒன்று விட்டு ஒன்று தள்ளி எடுத்துச் சருகால் நிரப்புங்கள். வெட்டிவேரைச் சமமட்டக் கோட்டில் அரைச் சாண் இடைவெளியில் நெருக்கி நடுங்கள். கவாத்து செய்த கிளைகளை அதற்கு மேல்பக்கம் அணையாகப் போடுங்கள்.

சமமட்டம் பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு கால்களையும் இடம் மாற்றி அதே புள்ளிகளில் வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கயிறு அந்த நடுப்புள்ளியில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்துங்கள். நின்ற இடத்தில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும்.

இனி பணம். கணக்கு எழுதியவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நோட்டில் ஒவ்வொரு பயிரும் எப்போது காசு தரும் என்று எழுதுங்கள். பீன்ஸ் இரண்டு மாதத்தில் பறிப்புக்கு வரும். சௌசௌவுக்கு ஏறக்குறைய ஆறு மாதம், மலைவாழைக்கு ஒரு வருடத்துக்கும் மேலே. காப்பியும் மிளகும் மூன்று நான்கு வருடம் கேட்கும். பட்டர் ஃப்ரூட் ஒட்டுக்கன்றும் அப்படித்தான், விதைக்கன்று என்றால் இன்னும் தள்ளும். எதிர்ப்பக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டணம், கேஸ், பஸ், மருந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்த வருடத்தில் காலியிடம் விழுகிறதோ அந்த வருடத்துக்கான பயிரை இன்றே நடுங்கள். வீட்டுச் செலவில் பாதியைத் தோட்டம் இரண்டு வருடம் தொடர்ந்து தந்தால் வேலையை விடலாம் என்பது என் கணக்கு. அப்போதும் வீட்டில் ஒருவர் சம்பளத்துக்குப் போவது நல்லது. என் வீட்டுக்காரர் இன்னமும் வத்தலக்குண்டில்தான் வேலை பார்க்கிறார்.

காப்பி பறிக்க வரும் பெண்களின் கூலியை அந்த நோட்டில் முதல் வரியில் எழுதுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஆட்களை வரவழைத்துச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. மனிதரைப் பேணுவது என்ற பேச்சு அங்கேதான் உண்மையாக வேண்டும்.

வெட்டிவேர்த் தூருக்கு ஆகஸ்டிலேயே சொல்லிவையுங்கள். அக்டோபரில் மண் நனைந்த வாரமே நட்டுவிட்டால், மழை முடிவதற்குள் வேர் இறங்கிவிடும்.