கொடைக்கானல் பங்களா தெருக்களில் கைடோடு நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் என்றால் ஏரி, தூண் பாறை, பைன் காடு, கை நிறைய சாக்லேட் பொட்டலம் என்று முடித்துக்கொண்டு மலை இறங்குகிறவர்கள்தான் அதிகம். அதை விட்டுவிட்டு உள்ளூர் கைடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கான்வென்ட் ரோடு, லோயர் சோலா ரோடு, அப்சர்வேட்டரி ரோடு பக்கமாகப் பழைய பங்களாக்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். என்ன, மற்ற ஸ்பாட்டுகளில் டிக்கெட் வாங்கியவுடன் நமக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது. இங்கே டிக்கெட்டே கிடையாது. பார்க்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குடியிருக்கிற வீடு. பாதித் தவறுகள் இதை மறப்பதால் வருகின்றன. மீதிப் பாதி, மலையைச் சமவெளி போல நினைத்துக்கொள்வதால்.

கேட்டைத் தாண்டுவது

இதுதான் பெரிய தவறு. கல் சுவர், பெயின்ட் அடித்த தகரக் கூரை, புகைபோக்கி, வெயில் வாங்கக் கண்ணாடி அடைத்த வராண்டா. கேட் லேசாகத் திறந்திருந்தால் போதும், கால் தானாக உள்ளே போய்விடுகிறது.

லோயர் சோலா ரோட்டில் ஒரு காலை நேரம். கைடு வளைவில் நின்று, பின்தங்கியவர்களுக்காகக் காத்திருந்தார். அதற்குள் குழுவில் வந்த ஒரு தம்பதி கேட்டின் கொக்கியைத் தூக்கிவிட்டு உள்ளே போய், பேரி மரத்தடியில் நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கம்பளியை உதறி வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா வேணும்?"

"யாருமில்ல பாட்டி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"சும்மா பாக்க இது என்ன பிரையண்ட் பார்க்கா?"

கைடு ஓடி வந்து, "மன்னிச்சுக்கங்கம்மா, என்கூட வந்தவங்கதான்" என்றார். பாட்டி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி அந்தப் பக்கம் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. குழு மதியம் மலை இறங்கிவிடும். கைடு நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டும். சில வீட்டுக்காரர்கள் கைடின் முகத்துக்காகத் தோட்டம் வரை விடுகிறார்கள், ஒன்றிரண்டு வீடுகளில் உள்ளே கூப்பிட்டுக் கணப்பு அடுப்பைக்கூடக் காட்டுகிறார்கள். அதெல்லாம் அவர் பல வருஷம் பழகிச் சேர்த்த மரியாதை. நாம் ஒரு போட்டோவுக்காக அதைச் செலவழித்துவிடக் கூடாது.

வாட்ச்மேனைத் தனியாக ஓரம் கட்டி, நூறு ரூபாயை நீட்டி, "அஞ்சே நிமிஷம் அண்ணே" என்று கேட்பது இதைவிட மோசம். வீட்டுக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கும், அவருக்கு வேலை போகும்.

போட்டோ விஷயத்தில் என் கணக்கு எளிது. ரோட்டில் நின்றால் தெரிகிற கூரை, சுவர், கேட், கல்லில் செதுக்கிய வீட்டுப் பெயர் ஆகியவற்றை எடுக்கலாம். கொடியில் காயும் துணி, விளையாடும் பிள்ளைகள், ஜன்னலுக்கு உள்ளே தெரிகிறது எதுவும் வேண்டாம். இன்ஸ்டாவில் போடும்போது லொகேஷனில் ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடு வரைக்கும் பின் போட்டால் அடுத்த சனி ஞாயிறு அந்தக் கேட்டில் பத்துப் பேர் நிற்பார்கள்.

'எல்லாம் இங்கிலீஷ்காரன் கட்டினது'

ஊட்டியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம். அங்கே கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்ட ஆரம்பித்த கல் பங்களாவிலிருந்து கதை தொடங்குகிறது. கலெக்டர், கவர்னர், பட்டாளம் என்று போகிறது. கொடைக்கானலின் கதை வேறு. இங்கே முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்கர்கள், மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். சமவெளியில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் குடும்பம் குடும்பமாகப் பறிகொடுத்தவர்கள். முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அந்த உயரம் காய்ச்சலைத் தடுக்கப் போதவில்லை. அப்புறம்தான் 1845-இல் இங்கே ஏறி வந்து சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் கட்டினார்கள்.

இன்னொரு தப்பு நினைப்பு, ஏரியைப் பார்த்துத்தான் வீடுகள் வந்தன என்பது. அப்போது ஏரியே கிடையாது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கியது அது. மலை விளிம்பை ஒட்டி நடக்கிற கோக்கர்ஸ் வாக் பாதை 1872. பாதிரிமார் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கியது 1901. ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் இருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். (அதுவும் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம், கேட்டில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம்.) இந்த வருஷங்களை வரிசையாக மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், எந்த வீடு எதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பது புரிய ஆரம்பிக்கும்.

ஆனால் 'யார் கட்டினது' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு இன்னும் பெரிய குறையாகப் படுகிறது. கைடிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: "இந்த ஜன்னல் கண்ணாடி எப்படி மேல வந்துச்சு?"

வத்தலக்குண்டிலிருந்து வருகிற மலை ரோடு 1914–16 வாக்கில்தான் வண்டிகளுக்குத் திறந்தது. அதற்கு முன்னால் ரயிலில் வந்தவர்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இன்றைய கொடை ரோட்டில், இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. குதிரை வைத்திருந்தவர்கள் குதிரையில் ஏறினார்கள். துரைசானிகளையும் பிள்ளைகளையும் நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் தூக்கினார்கள். கட்டில், பீரோ, கண்ணாடி, கூரைத் தகரம் எல்லாம் கூலி ஆட்களின் தலையிலும் தோளிலும் வந்தவை. சமவெளியிலிருந்து கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரத்துக்கு. கேட்டில் சன்னிசைட் என்று பெயர் இருக்கும். தூக்கி வந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இருக்காது. நல்ல கைடு என்றால் இந்தக் கேள்விக்குக் குஷியாகிவிடுவார். பலருக்குத் தாத்தா வழியில் கேட்ட கதை ஒன்றாவது கையில் இருக்கும்.

அதே மாதிரி, 1845-க்கு முன்னால் இந்த மலை காலியாகக் கிடக்கவில்லை. பழங்குடிகளான பளியர்கள் இருந்தார்கள், வில்பட்டி போன்ற ஊர்களில் விவசாயம் பார்த்த குன்னுவர்கள் இருந்தார்கள். 1821-இல் அளவெடுக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்ற ஊர் வழியாகத்தான் ஏறினார். பங்களாத் தெருவோடு நடையை முடித்துவிடாமல், 1866-இல் எழுந்த சலேத் மாதா கோயில் வரைக்கும் போகச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 தேர்த் திருவிழா சமயமென்றால் ஊரே அங்கேதான் இருக்கும். ஆனந்தகிரி, நாயுடுபுரம், மூஞ்சிக்கல் தெருக்களையும் ஒரு சுற்று பார்க்கலாம். அங்கே கூரை அழகாக இருக்காது, டீ நன்றாக இருக்கும்.

இரண்டு கேள்விகளை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்: "பேய் பங்களா எது?", "எந்த சினிமா எடுத்தாங்க?" கேட்டால் பதில் வரும். கேட்கிறவர் முகம் வாடக்கூடாது என்று அங்கேயே ஒரு பேயைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிறகு அந்தக் கதை யூடியூபில் ஏறி, ராத்திரி பதினொரு மணிக்கு அந்த வீட்டு வாசலில் டார்ச் அடித்துக்கொண்டு பையன்கள் வந்து நிற்பார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் இதேதான். பெயரைப் படியுங்கள், வயதைப் படியுங்கள், கல்லின் மேல் உட்கார்ந்து போஸ் கொடுக்காதீர்கள்.

மலை ஏறின கையோடு நடக்கக் கிளம்புவது

ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து, வத்தலக்குண்டில் ஒரு பரோட்டாவைத் தள்ளிவிட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து வந்து இறங்கின காலையிலேயே நடைக்கு நேரம் குறித்துவிடுகிறார்கள். பாதிப் பேருக்குத் தலை சுற்றல், ஒருவருக்கு வாந்தி. கைடு கதை சொல்வார், கேட்கிற நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் நாள் ஏரியைச் சுற்றிக் காலாற நடங்கள். பங்களா நடையை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

காலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மதியத்துக்கு மேல் மூடுபனி எப்போது வேண்டுமானாலும் ஏறும். ஏறினால் எதிரில் நிற்கிற வீடே தெரியாது. அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை வேறு. ஏப்ரல், மே சீசனில் வந்தால் சனி ஞாயிறைத் தவிருங்கள். இந்தத் தெருக்களில் நடைபாதை கிடையாது. இரண்டு வேன் எதிரெதிரே வந்தால் நாம் சாக்கடைக்குள் இறங்கி நிற்க வேண்டியதுதான். அதனால்தான் பத்துப் பேருக்கு மேல் ஒரே குழுவாகப் போவதும் எனக்கு உடன்பாடில்லை. கடைசி ஆளுக்குக் காது கேட்கவில்லை என்று கைடு கத்திப் பேச ஆரம்பித்தால், தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கும்.

சில்லறை விஷயங்கள்: வழுக்காத ஷூ, ஒரு ஸ்வெட்டர், குடை. வீட்டுத் தெருவில் பொதுக் கழிப்பறை இருக்காது, தங்கும் அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பிடித்தால் குரங்கு பிடுங்கும். சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது.

காட்டுமாட்டோடு செல்ஃபி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடையின் வீட்டுத் தெருக்களில் காட்டுமாடு சாதாரணமாக நடமாடும். ஒரு வீட்டுத் தோட்டத்தில் புல் மேய்ந்துவிட்டு அடுத்த கேட் வழியாக வெளியே வரும். ஊர்க்காரர்கள் அலட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிப் போவதைப் பார்த்து, 'சாதுதான் போல' என்று நினைத்துவிடக் கூடாது. கடா ஒன்று ஒரு டன் வரை எடை இருக்கும். திரும்பினால் நமக்கு ஓட நேரமிருக்காது, பலர் முட்டுப்பட்டிருக்கிறார்கள். கைடு நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும். கன்று கூட இருந்தால் பேச்சே இல்லை, வந்த வழியே போய்விடுங்கள். ஃப்ளாஷ் அடிப்பது, விசில் அடிப்பது, கல் எறிவது எதுவும் வேண்டாம்.

கைடைப் பிடிக்கும்போது

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "சார், எல்லா ஸ்பாட்டும் ஒரே ரவுண்டு" என்று வருகிறவர் வண்டிக்காரர். அவர் தொழில் அது, அதில் குற்றமில்லை. அவரைத் தெரு நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். தங்கும் இடத்தில் கேளுங்கள், பழைய பேக்கரியில், புத்தகக் கடையில் கேளுங்கள். ஆள் கிடைத்ததும், எந்தெந்தத் தெரு, எவ்வளவு நேரம், ஏற்றம் எவ்வளவு, எந்த வீட்டுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கிறார் என்று பேசிவிடுங்கள். முழங்கால் வலிக்கிற பெரியவர்கள் கூட வந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும், பாதி ஏற்றத்தில் சொல்லிப் பிரயோஜனமில்லை. பணத்தையும் முதலிலேயே பேசுங்கள்; முடிந்த பிறகு, "ரெண்டு மணி நேரம் நடந்ததுக்கு இவ்வளவா?" என்று இழுப்பது அசிங்கம். நடந்தது இரண்டு மணி நேரம்தான். விசாரித்து வைத்தது பல வருஷம்.

இந்த நடை பிடித்துப்போய், மேலே சொன்ன வெள்ளகவிக்கும் இறங்கிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தால், வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வழி தெரிந்த ஆளோடு போங்கள். அது ஒரு முழு நாள் வேலை. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். லேஸ் கட்டுகிற ஷூவைவிடச் சட்டென்று கழற்றுகிற மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு போவது நல்லது.