தையில் வீடு மாறலாம், குதிரை மாறக் கூடாது

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ்காரன். மிட்லேண்ட்ஸ் என்கிற உள்நாட்டு மேட்டுப் பகுதியில், ஹோவிக் தாண்டி எட்டு ஹெக்டேர் நிலம் வாங்கியிருக்கிறான். “அண்ணா, ஜனவரியில ஸ்கூல் திறந்துடும். டிசம்பர் கடைசியில எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடலாம்னு இருக்கேன். குதிரை ரெண்டும் அதே வாரம்தான்.” குதிரைகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டேன். “ஒரு பாட்டில் போட்டாச்சுண்ணா. ரெண்டாவது பாட்டிலை அங்க போய்ப் பார்த்துக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. இதையே, இதே நிம்மதியோடு, நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

டர்பனிலிருந்து மிட்லேண்ட்ஸ் பக்கம் குதிரையோடு குடிபோகிற நம் ஆட்கள் இப்போது நிறைய. டிரெய்லர் டயரில் காற்று இருக்கிறதா, குதிரைக்கு பாஸ்போர்ட் (ஊசி விவரம் எழுதும் அடையாளப் புத்தகம்) எடுத்தாச்சா, ஃபிரிட்ஜை நிமிர்த்தி வைத்து ஏற்றினார்களா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தப்புகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

வீட்டுக்குப் பார்த்த நாளிலேயே குதிரையையும் ஏற்றுவது

வீடு மாற நமக்கு ஒரு கணக்கு உண்டு. ஆடியில் மாறக் கூடாது, மார்கழியில் கூடாது. தை பிறந்தால் வழி பிறக்கும். இங்கே பள்ளிக்கூட வருடமும் ஜனவரியில் தொடங்குவதால் பஞ்சாங்கமும் ஸ்கூல் காலண்டரும் கைகோத்துக்கொள்கின்றன. மாமனாருக்கும் திருப்தி, பிள்ளைகளுக்கும் திருப்தி.

குதிரைக்கு மட்டும் இது ஆகாத காலம். இந்த நாட்டில் அப்போதுதான் கோடை. மழை விழுந்து மண் ஊறியதும் மிட்ஜ் என்கிற பூச்சி பெருகும். எள்ளைவிடச் சின்னது. சாணம் கலந்த ஈரச் சேற்றில் வளரும், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை குதிரையின் ரத்தத்தைக் குடிக்கும். ஆப்பிரிக்கக் குதிரை நோயைச் சுமந்து வருவது இதுதான். நோய் குதிரையிலிருந்து குதிரைக்கு நேராக ஒட்டாது, நடுவில் இந்தப் பூச்சி வேண்டும். ஜனவரியில் சூடு பிடிக்கும், பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் உச்சம், உறைபனி விழுந்து பூச்சி செத்தால்தான் ஓயும். கேப் பகுதியில் 1854-55இல் இது வந்தபோது சுமார் 70,000 குதிரைகள் மாண்டன. மருந்து என்று ஒன்று அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. தடுப்பூசிதான் உண்டு.

அந்தத் தடுப்பூசி இரண்டு பாட்டில். பிரிட்டோரியா பக்கத்து ஓண்டர்ஸ்டீபோர்ட்டில் தயாராவது. இந்த வைரஸில் 9 வகை. முதல் பாட்டிலில் 1, 3, 4. இரண்டாவதில் 2, 6, 7, 8. விட்டுப்போன 5க்கு 8ம், 9க்கு 6ம் ஓரளவு காவல். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி வேண்டும். “ஒரு பாட்டில் போட்டாச்சு” என்பவர் ‘பாதி பாதுகாப்பு இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறார். அப்படியில்லை. இரண்டாம் பாட்டிலில் இருக்கிற நாலு வகைக்கும் அந்தக் குதிரை வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது.

சரி, ஜனவரியில் போட்டுக்கொள்ளலாமே? அதுவும் நல்லதில்லை. இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. மிட்ஜ் பறக்கிற மாதங்களில் போட்டால் ஊசியில் உள்ள வைரஸையே பூச்சி எடுத்துக்கொண்டு போகிற ஆபத்து உண்டு. அதனால்தான் ஜூனிலிருந்து அக்டோபருக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். அக்டோபரைத் தவறவிட்டால் அந்த வருடம் தவறியதுதான்.

நான் தவறவிட்டது 2010இல். அப்போது சாட்ஸ்வொர்த்தில் வீடு, குதிரைகள் இரண்டும் ஷோங்வேனியில் ஒரு லாயத்தில் வாடகைக்கு. கேப்டன் ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற கிழவன், வருடா வருடம் ஊசி வாங்கிப் பழகிய உடம்பு. மல்லிக்கு மூன்று வயது. முன்னால் வைத்திருந்தவர் ஊசியை எந்த அழகில் போட்டார் என்று அதன் பாஸ்போர்ட்டைப் பார்த்தாலே தெரிந்தது. புரட்டாசியில் முதல் பாட்டில் இரண்டுக்கும் போட்டாச்சு. இரண்டாவதுக்கு டாக்டர் வருகிற அன்றைக்கு வீட்டைப் பார்க்க ஆள் வருகிறேன் என்றார்கள், தள்ளிப்போட்டேன். அப்புறம் தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்தபோது நவம்பர் பிறந்துவிட்டது. “நவம்பரில் போடவேண்டாம், இந்த வருடம் லாயத்தில் வைத்துக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்” என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

பொங்கல் கழிந்த அடுத்த வாரம் ஏற்றினோம். எஸ்ட்கோர்ட்டுக்குக் கிழக்கே, புஷ்மன்ஸ் ஆற்றை ஒட்டிய நிலம். அந்த ஜனவரியில் அப்படி ஒரு மழை, புல் முழங்காலுக்கு நின்றது. புது லாயத்துக்குக் கொத்தனார் கூரை மட்டும் போட்டிருந்தான், கதவில்லை. கதவு வருகிறவரைக்கும் வெளியே நிற்கட்டுமே என்று ஆற்றோரப் பேடக்கில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், அவிழ்த்துவிட்டேன். பச்சையைப் பார்த்து என் மனைவி போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. மல்லியின் குளம்பு சேற்றில் புதைந்திருப்பது அதில் தெளிவாகத் தெரியும்.

இருபத்தோராம் நாள் காலை ஐந்து மணிக்கு, எங்களோடு வேலை பார்த்த ஜூலு பெரியவர் ஜன்னலைத் தட்டினார். “இஹாஷி” (ஜூலுவில் குதிரை) என்று மட்டும் சொல்லி ஆற்றுப் பக்கம் கை காட்டினார். முந்தின நாள் இரவு மல்லி தீவனத்தை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தது. காலையில் முன்னங்காலை அகட்டி, கழுத்தை நீட்டி, மூக்கை விரித்துக்கொண்டு நின்றது. விலா அடித்துக்கொண்டது. தெர்மாமீட்டர் 40.6 காட்டியது. டாக்டர் வந்து சேர்வதற்குள் இரண்டு மூக்குத் துளையிலும் நுரை, துணி ஊறவைத்த வாளியில் நிற்குமே அந்த மாதிரி. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டிச் சாகிற வகை அது, இங்கே டன்கோப் என்பார்கள். இந்த வகையில் பிழைப்பது மிக அபூர்வம். கண்ணுக்கு மேலே உள்ள குழி வீங்கி வருவது இன்னொரு வகை, டிக்கோப். அதிலாவது சில பிழைக்கும். பதினோரு மணிக்கு மல்லி போய்விட்டது.

கேப்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் பாட்டில் போட்டிருந்தால் மல்லி கட்டாயம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் போட்ட குதிரைக்கும் சில சமயம் வருகிறது. ஆனால் நான் ஊசியை விட்டேன், சீசனில் மாற்றினேன், தாழ்ந்த ஈர நிலத்தில் நிறுத்தினேன், இரவில் வெளியே விட்டேன். நாலும் நானே செய்தது. மாமனார் மட்டும் “நாள் நல்ல நாள்தானேப்பா” என்று ஒரு வாரம் புலம்பினார், பாவம்.

இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான். வீட்டையும் குதிரையையும் ஒரே பயணமாக நினைக்காதீர்கள். நீங்கள் தையில் போங்கள், யாரும் தடுக்கவில்லை. குதிரையை அதற்கு முந்தைய ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள், அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். ஜூலையில் இங்கே குளிர்காலம், மிட்லேண்ட்ஸில் உறைபனி விழும், பூச்சி இருக்காது. இரண்டு வாரம் இடம் பழகட்டும். ஆகஸ்டில் முதல் பாட்டில், செப்டம்பரில் இரண்டாவது. ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு சில வாரம் ஓட்டமோ கடும் வேலையோ வேண்டாம். கோடை வரும்போது குதிரை தயார். ஆடியில் முடியாது என்றால், இருக்கிற இடத்திலேயே இரண்டு பாட்டிலையும் முடித்து, மே மாதம் பனி விழும்வரை அங்கேயே ஒரு லாயத்தில் வாடகை கொடுத்து வைத்திருங்கள். லாய வாடகை உறுத்தும்தான். நான் கொடுத்த விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோடையில் மாறியே தீரவேண்டும் என்றால், லாயம் கதவோடும், நெருக்கமாக நெய்த வலைத்துணியோடும் முடிந்த பிறகுதான் குதிரை இறங்கலாம். பொழுது சாய இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே கட்டி, வெயில் ஏறியபின் அவிழுங்கள். உள்ளே ஒரு ஃபேன் ஓடட்டும், காற்றில் மிட்ஜால் பறக்க முடியாது. மேட்டு நிலத்தில் மேயவிடுங்கள். காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். 38.5ஐத் தாண்டினால் டாக்டர். சந்தேகம் என்றாலே அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாகவேண்டும், சட்டம் அப்படி.

ஃபீனிக்ஸ் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். “மே வரைக்கும் வாடகையா அண்ணா?” என்று இழுத்தான். இழுக்கட்டும்.

கேப் டவுன் பக்கம் போகிறவர்கள்

அங்கே குதிரை நோய்க்கென்றே கட்டுப்பாட்டு எல்லை வைத்திருக்கிறார்கள். அனுமதி கையில் வராமல் டிரெய்லர் கதவைத் திறக்காதீர்கள்.

புதுப் புல், புதுத் தண்ணீர், ஒரே நாளில்

குதிரையின் குடல் நம் குடல் மாதிரி இல்லை. அதற்குள் இருக்கிற கிருமிகள்தான் புல்லைச் செரிக்கின்றன, அவை ஒரு தீவனத்துக்குப் பழகியவை. திடீரென்று மாற்றினால் வயிற்று வலி, கோலிக். பழைய இடத்துக் காய்ந்த புல் கட்டு இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு கூடவே ஏற்றுங்கள். டெஃப் புல் தின்று பழகியதற்கு முதல் நாளே லூசர்ன் (குதிரைமசால்) கொட்டி உபசரிக்காதீர்கள். புது ஊர்ப் புல்லை நாளுக்குக் கொஞ்சமாகக் கலந்து பத்துப் பதினாலு நாளில் முழுசாக மாற்றலாம்.

தண்ணீரிலும் இதே தொல்லை. ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் குடிக்கும். டர்பன் குழாய்த் தண்ணீர் குடித்தது போர்வெல் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பயணக் களைப்பில் தண்ணீரும் குடிக்காவிட்டால் குடல் கட்டிக்கொள்ளும். நான் கிளம்ப ஒரு வாரம் முன்பிருந்தே வாளியில் கொஞ்சம் மொலாசஸ் கலந்து பழக்குவேன். போன இடத்திலும் அதே வாசனை, அதே வாளி. கரண்ட் போனால் போர்வெல் பம்ப் நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். குதிரை போவதற்கு முன்னால் ஒரு ஜோஜோ தண்ணீர் டேங்க் நிறைந்து நிற்கவேண்டும்.

மேய்ச்சல் முழுக்க கிகூயு புல்லாக இருந்தால் இன்னொன்று. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் அதையே தின்றால் எலும்பு மெலிந்து முகம் வீங்கும். கால்சியம் சேர்த்துக் கொடுங்கள்.

மாட்டு வேலி

நீங்கள் வாங்கும் நிலம் பெரும்பாலும் மாட்டுப் பண்ணையாக இருந்திருக்கும். வேலி முள்கம்பி. மாடு கம்பியைக் கண்டால் நிற்கும், குதிரை மிரண்டால் கம்பியைப் பார்க்காது. உள்பக்கம் ஒரு வெள்ளை மின்வேலி நாடாவாவது கட்டுங்கள். முதல் நாள் காலையில் இறக்கி, கயிற்றோடு வேலி ஓரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டிவிட்டு அவிழுங்கள். சாயங்காலம் இறக்குவதாக இருந்தால் கிளம்பாதீர்கள்.

ஒற்றைக் குதிரையைத் தனியாக வைப்பது

வேண்டாம்.

லைசென்ஸ்

கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஹார்ஸ்பாக்ஸ் (குதிரை ஏற்றுகிற டிரெய்லர்) இழுக்காதீர்கள், இ.பி. கோட் லைசென்ஸ் வேண்டும்.

டவுன் ஹில்லில் முதல் பாடம்

ஹார்ஸ்பாக்ஸில் ஏறவே ஏறாத குதிரையைக் கிளம்புகிற அன்று காலையில் நாலு பேர் சேர்ந்து தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் முன்பே பாக்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள்ளேயே தீவனம் வையுங்கள். தானாக ஏறும். அப்புறம் பக்கத்துத் தெருவரை ஒரு சின்னப் பயணம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் என்3 நெடுஞ்சாலை ஏறுகிற டவுன் ஹில் மேட்டில், மூடுபனியில், முன்னாலும் பின்னாலும் லாரி நிற்கும்போது குதிரை உதைக்க ஆரம்பித்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

உண்ணி

மிட்ஜைப் பார்த்துக்கொண்டே உண்ணியை மறந்துவிடுகிறார்கள். பிலியரி என்கிற ரத்த நோயைக் கொடுப்பது இதுதான். ஒரு தடவை வந்து தேறிய குதிரையின் ரத்தத்தில் கிருமி பதுங்கியே இருக்கும், பயண அலுப்பில் தலைதூக்கும். போய்ச் சேர்ந்த இரண்டு வாரமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் அன்றைக்கே டாக்டர்.

தீ

ஆடியில் அனுப்பச் சொன்னேன் அல்லவா, அந்த மாதங்களில் புல் தீக்குச்சி மாதிரி காய்ந்து கிடக்கும். டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கமிருந்து சூடான காற்று ஒன்று கிளம்பினால் அவ்வளவுதான். தீ பரவக்கூடிய நிலத்தின் எல்லையில் தீத்தடுப்புப் பாதை போடுவது 1998ஆம் வருடச் சட்டப்படி நில உரிமையாளர் பொறுப்பு. “போன வாரம்தானே வாங்கினேன்” என்றால் செல்லாது. பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் முதல் பேச்சே இதைப் பற்றி இருக்கட்டும், கூடவே இரவில் கூப்பிடவேண்டிய நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். புல் கட்டை லாயத்துக்குள்ளேயே அடுக்காதீர்கள்.

கறிவேப்பிலை

ஆயா வைத்த மரம் என்று வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் நடாதீர்கள். தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் சமையலறை ஜன்னலுக்குள் வையுங்கள். என்னுடையது ஜூன் மாத முதல் உறைபனியில் ஒரே ராத்திரியில் கருகிவிட்டது.