லேப் டைமரின் தொடக்கக் கோட்டை எங்கே குறிப்பது?

பந்தயக் காரில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் நேரத்தை அளக்கும் ஜிபிஎஸ் லேப் டைமரைப் பொருத்தியதும், சுற்று தொடங்கி முடியும் கோட்டை வளைவுக்கு அருகிலோ பிரேக் பிடிக்கும் இடத்திலோ குறிக்காமல், கார் வேகமாகவும் சீராகவும் ஓடும் நேர்ப்பாதையின் நடுவே குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 முறை இருப்பிடத்தைப் பதியும் கருவி, மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளியைத்தான் பதிகிறது; கோட்டைக் கடந்த கணத்தை இரு புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டே அது சொல்கிறது என்பதால், வேகம் மாறாத இடத்தில் அந்தக் கணக்கு பிழைபடுவது குறைவு. மேலும், இருப்பிடத்தில் நேரும் 1 மீட்டர் பிழை அந்த வேகத்தில் 0.02 நொடிதான், 60 கி.மீ. வேகத்தில் வளைவைக் கடக்கும்போதோ அதே பிழை 0.06 நொடியாகிவிடும். டயர் அழுத்தத்தைச் சற்றே மாற்றிப் பலன் பார்ப்பவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

போட்டி அமைப்பாளர்கள் டிரான்ஸ்பாண்டர் (காரில் பொருத்தப்பட்டு, கோட்டைக் கடப்பதைச் சமிக்ஞையால் தெரிவிக்கும் சிறு கருவி) மூலம் எடுக்கும் நேரத்தோடு ஒவ்வொரு சுற்றையும் ஒப்பிட வேண்டுமானால், அவர்களுடைய கோட்டையே பயன்படுத்த வேண்டும். நின்ற இடத்திலிருந்து புறப்படும் மலைப்பாதைப் பந்தயங்களுக்கும் இந்த முறை பொருந்தாது. ஆன்டெனா இரும்புக் கூரைக்கு அடியில் வானம் தெரியாமல் ஒளிந்திருந்தால், கோட்டை எங்கே குறித்தாலும் பயனில்லை.