கரண்ட் போனாலும் மீட்டிங் அறுபடாமல் இருக்க: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு

கரண்ட் போகிறது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, லேப்டாப்பும் ஓடுகிறது. மீட்டிங் மட்டும் அறுந்துவிடுகிறது. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அடிக்கடி நேர்வது இதுதான். பேட்டரி போதவில்லை என்று நினைத்து, 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரிக் கொள்ளளவின் அளவு) பேட்டரியைக் கழற்றிவிட்டு 220 ஏஎச் வாங்கிப் போடுகிறார்கள். அப்புறமும் அறுகிறது.

கோளாறு பேட்டரியில் இல்லை. லைன் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற இன்வர்ட்டருக்குச் சில மில்லி வினாடிகள் பிடிக்கும். யு.பி.எஸ். மோடில் (சட்டென்று மாறுவதற்கான இன்வர்ட்டர் செட்டிங்) 10 முதல் 20 மில்லி வினாடி, சாதாரண மோடில் அதைவிடக் கூடுதல். லேப்டாப்புக்குள் பேட்டரி இருப்பதால் அதற்கு இது தெரியவே தெரியாது. மோடத்தின் சின்ன அடாப்டர் அந்த இடைவெளியைத் தாங்காவிட்டால் மோடம் அணைந்து திரும்ப எழும். எழுந்து, ஃபைபரில் பதிவாகி, லாகின் ஆகி, வைஃபை வருவதற்குள் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். அதனால் முதல் செலவை மோடத்துக்குச் செய்யுங்கள். பேட்டரியைப் பிறகு பார்க்கலாம்.

மோடத்துக்கு ஒரு மினி யு.பி.எஸ்.

உள்ளே பேட்டரி வைத்து, மோடத்துக்கு நேராகக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டிதான் மினி யு.பி.எஸ். வாங்குமுன் மோடம் அடாப்டரைத் திருப்பி 'அவுட்புட்' என்ற வரியைப் படியுங்கள். பெரும்பாலான ஃபைபர் மோடங்களுக்கு 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர் என்று இருக்கும். தனி ரவுட்டர் வைத்திருந்தால் அது 9 வோல்ட்டாகவும் இருக்கலாம். 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டைச் சொருகினால் அது கருகிப்போக வாய்ப்புண்டு. பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்று அடாப்டரில் உள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பின்னின் வெளிவிட்டம் வழக்கமாக 5.5 மி.மீ. இருக்கும். உள்துளைதான் ஏமாற்றும்: 2.1, 2.5 என இரண்டு அளவு உண்டு. 2.1 ஊசி உள்ள மோடத்தில் 2.5 துளைப் பின் சுலபமாகப் போய்விடும், ஆனால் லூஸாக நிற்கும். மேசையைத் தட்டினாலே மோடம் அணையும், காரணமும் பிடிபடாது.

பெட்டி மேல் 7,800 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அது 12 வோல்ட்டில் கிடைக்கும் அளவு அல்ல. உள்ளே 18650 வகை லித்தியம் செல்கள் மூன்று இருக்கும், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், 2,600 எம்ஏஎச். பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 29 வாட் அவர். மாற்றத்தில் வீணாவது போக கைக்கு வருவது 24. மோடம் 10 வாட் இழுத்தால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். இதுவே தாராளம். ஏனென்றால் மினி யு.பி.எஸ்.ஸை இன்வர்ட்டர் லைனில்தான் சொருக வேண்டும். மில்லி வினாடி இடைவெளியை அது அடைக்கும், மணிக்கணக்கை இன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். மோடத்தின் தலைமேல் மட்டும் அதை வைக்காதீர்கள். மோடத்தின் சூடும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் லித்தியம் செல் ஓராண்டுக்குள் உப்பிவிடக்கூடும்.

எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பார்ப்பது

பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, மேசையில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 65 வாட் சார்ஜர் எப்போதும் 65 இழுக்காது. சாதாரண வேலைக்கு 20, 30 வாட்தான். பெரிய புராஜெக்ட்டை கம்பைல் செய்யும்போது ஏறும். சராசரியாக 35 என்று வையுங்கள். 24 அங்குல மானிட்டர் 22 வாட், எல்.இ.டி. பல்பு 9, மோடமும் மினி யு.பி.எஸ்.ஸும் 12. மிச்சம் இருப்பது ஃபேன். இந்தக் கணக்கையே புரட்டிப்போடுவது அதுதான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்.

பி.எல்.டி.சி. ஃபேனோடு மொத்தம் 108 வாட். இன்வர்ட்டர் தன் பங்குக்கு ஐந்தில் ஒன்றைத் தின்னும் என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 135 வாட் போகும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் 1,800 வாட் அவர் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் பேட்டரி ஆயுள் குறையும், ஆகவே 900 என்று வையுங்கள். ஆறரை மணி நேரம் வரும். பழைய ஃபேனோடு பேட்டரியிலிருந்து 191 வாட் போகும், 4 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஃபேனை மாற்றினாலே இரண்டு மணி நேரம் கூடுகிறது. இதற்காகப் பெரிய பேட்டரி வாங்கத் தேவையில்லை.

ஆறரை மணி நேரம் ஏன் முக்கியம்? பராமரிப்புக்காக மின்வாரியம் எடுக்கும் ஷட்டவுன் காலை 9 மணிக்குத் தொடங்கினால் மதியம் 2 வரையிலோ மாலை 5 வரையிலோ நீளும். துணைமின் நிலையத்தின் பெயரோடு நாளிதழில் முந்தின நாளே வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து வருகிறது என்று லைன்மேனிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவுக்கே வேறாக இருக்கும். மாலை 5 வரை போகும் நாளில் மானிட்டரை அணைத்துவிட்டு லேப்டாப் திரையோடு ஒப்பேற்றலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள், லைன் கரண்டைப் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வர்ட்டராகவே வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், அடாப்டர்கள் சூடேறும், சில டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் ஓடவே மறுக்கும்.

சேலத்து வெயிலும் பேட்டரியும்

லெட் ஆசிட் பேட்டரிக்குப் பிடித்த வெப்பநிலை 25 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 38, 40 என்று அடிக்கும்போது, மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் பேட்டரி வைப்பது அதை அடுப்பில் வைப்பதற்குச் சமம். தரைத்தளத்தில், வெயில் படாத, காற்றோட்டமான மூலையே நல்லது. மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், எனவே பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் அருகில் இருக்கவே கூடாது.

டிஸ்டில்ட் வாட்டரைக் கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மிதவை பச்சையிலிருந்து இறங்கியிருந்தால் ஊற்றுங்கள். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆன பிறகே ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும் தகடு மூழ்க முதலில் கொஞ்சம் ஊற்றலாம். ஆர்.ஓ. தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டர் ஆகாது, குழாய்த் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு செல்லையும் அளந்து பாருங்கள். டியூபுலர் பேட்டரி முழுச் சார்ஜில் 1.240 அருகில் காட்டும். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 குறைவாக நின்றால் அந்தச் செல் போய்க்கொண்டிருக்கிறது. டெர்மினலில் உப்புப் பூத்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். சோடா நீர் செல்லுக்குள் போகவிடாதீர்கள்.

வயரிங், எர்த்

இன்வர்ட்டர் லைனில் மேசை பிளக், அந்த அறையின் ஃபேன், லைட் மட்டும் போதும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ், மோட்டார் வேண்டாம். எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று கேளுங்கள்: இன்வர்ட்டர் லைனுக்கு நியூட்ரல் தனியாக இழுத்தாயிற்றா? வீட்டுப் பொது நியூட்ரலில் அதைச் சேர்த்துவிட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு மருந்தாக ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. உயிர் காக்கும் கருவி அது, கழற்ற விடாதீர்கள்.

மெட்டல் உடம்பு லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? லேப்டாப்பில் கோளாறு இல்லை. இரண்டு பின் சார்ஜரில் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியே கசியும் மிகச் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் உடம்பில் நிற்கிறது. மூன்று பின் வயர் போட்டு, பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருந்தால் அது நின்றுவிடும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 5 வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். கை பழகாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுவது நல்லது. நம் பக்கம் மண் பாறையும் வறட்சியுமாக இருப்பதால் கோடையில் எர்த் பலவீனமாகும். பங்குனி முதல் மழை வரும் வரை எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

இடி மின்னலும் ஃபைபரும்

ஃபைபர் கண்ணாடிதானே, மின்னல் எப்படி வரும் என்று கேட்பார்கள். கண்ணாடி வழியே வராது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் தட்டை வயரில் தாங்கு கம்பியாக ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதை வெளிச்சுவரிலேயே கொக்கியில் கட்டி, அங்கேயே வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். மாடிக்கும் கீழுக்கும் வெளியே தொங்கும் நீளமான லேன் கேபிளும் ஆபத்து. பக்கத்தில் மின்னல் இறங்கினால் இரண்டு முனையிலும் உள்ள போர்ட் சேர்ந்து கருகும். மெயின் போர்டில் சர்ஜ் புரொடக்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போடலாம், ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அதனால் பயனில்லை. கோடை மழை இடி கேட்டதும் மினி யு.பி.எஸ்.ஸின் பிளக்கையும் லேன் கேபிளையும் உருவிவிட்டு, வைஃபையில் வேலையைத் தொடருங்கள். இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது.

சிவப்பு எல்.ஓ.எஸ். விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். மோடத்துக்குப் பின்னால் மஞ்சள் வயர் மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 3 செ.மீ. ஆரத்தைவிடக் குறுகலாக வளைக்கக் கூடாது. மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஒரு எண் இருக்கும், மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டி.பி.எம். வரை நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டால் விட்டுவிட்டு வரும். நன்றாக இருக்கும் நாளிலேயே அந்த எண்ணைக் குறித்து வைத்தால், புகார் சொல்லும்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை, யாரையாவது வீடியோ காலில் வைத்துக்கொண்டு மெயினை இறக்குங்கள். கால் தொடர்ந்தால் உங்கள் பக்கம் சரி. ஊரே இருட்டாகும்போது மட்டும் நெட் போகிறது, மோடத்தில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பி.ஓ.என். விளக்கு பச்சையாகவே நிற்கிறது என்றால் கோளாறு கேபிள்காரர் பக்கத்தில் எங்கோ பேட்டரி இல்லாத பெட்டியில் இருக்கிறது. அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் தயாராக வைத்திருப்பதே வழி. வீடியோ ஒரு மணிக்கு ஒரு ஜி.பி.க்கு மேலும் தின்னக்கூடும், எனவே கேமராவை அணைத்துப் பேசுங்கள்.

ஏற்காட்டில் வேறு கதை

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் வெயில் கவலை இல்லை, பேட்டரி நெடுநாள் உழைக்கும். குளிரில் மட்டும் கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு குறையும். இங்கே தொல்லை வேறு இரண்டு. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் கிளை காற்றில் முறிந்து லைன் மேல் விழுந்தால், சரிசெய்ய ஒரு நாள் தாண்டலாம். லேப்டாப்பையும் சார்ஜ் செய்யக்கூடிய 20,000 எம்ஏஎச், 65 வாட் பி.டி. (பவர் டெலிவரி) பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும். அதில் 74 வாட் அவர் உண்டு, லேப்டாப்பை ஏறக்குறைய ஒருமுறை முழுதாக நிரப்பும்.

இன்னொன்று லோ வோல்டேஜ். நாகலூர்ப் பக்கம்போல் நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் 170 வோல்ட் வந்தால், யு.பி.எஸ். மோடில் உள்ள இன்வர்ட்டர் அதைக் கரண்டாகவே மதிக்காது. 180-க்குக் கீழே போனதும் பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் இருந்துகொண்டே பேட்டரி காலியாகும், சார்ஜும் ஏறாது. மோடத்துக்கு மினி யு.பி.எஸ். போட்டாயிற்று, மேசையில் லேப்டாப்தான் இருக்கிறது என்றால் யு.பி.எஸ். மோடே உங்களுக்குத் தேவையில்லை. பின்பக்க ஸ்விட்சைச் சாதாரண மோடுக்கு மாற்றுங்கள், 100 வோல்ட் அருகில் வரும் வரை லைனிலேயே ஓடும். லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வரை தாங்கக்கூடியது. கீழே அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்களில் வோல்டேஜ் ஆடினாலும் இதே மருந்துதான். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் அதற்குத் தனி யு.பி.எஸ். போட்டுக்கொண்டு மாற்ற வேண்டும்.

கார்த்திகை, மார்கழிப் பனிமூட்டத்தில் ஜன்னலோர மோடத்தின் போர்ட்டுகளில் ஈரம் படிந்து பச்சை பூக்கும். உள்சுவருக்கு மாற்றி, அணைக்காமல் ஓடவிடுங்கள். அதன் சொந்தச் சூடே ஈரத்தைத் தடுக்கும். ஹாட்ஸ்பாட் போனை மட்டும் ஜன்னலோரம் வையுங்கள், லேடீஸ் சீட் பக்கம்போல் சேலம் தெரியும் திசையாகப் பார்த்து. சரிவு மறைக்கும் அறையில் ஒரு கோடு சிக்னல் வரும் போனுக்கு அங்கே மூன்று கோடு வரலாம்.